உப்புத் தண்ணீரும் ஆர்.ஓ.வும்: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர், காசிமேடு, தண்டையார்பேட்டை, மணலி, மீஞ்சூர் பக்கம் போர் தண்ணீர் உப்பாகிப்போன வீடுகளிலும் சிறு அடுக்ககங்களிலும் எழும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகள் இருக்கின்றன. எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால். கணக்கு வரும் இடமெல்லாம் ஒரே எடுத்துக்காட்டுதான்: 12 வீடு, 48 பேர், போர் தண்ணீரின் டிடிஎஸ் 3,000. உங்கள் எண் வேறாக இருந்தால் அதைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்க போர் தண்ணி உப்பு கரிக்குது. டிடிஎஸ் எவ்வளவு வரைக்கும் பரவாயில்ல?

ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன என்பதுதான் டிடிஎஸ். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500, 500 வரை ஏற்கலாம் என்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. கடல்நீர் ஏறக்குறைய 35,000.

கையடக்க மீட்டர் போதும். ஆனால் மோட்டார் போட்டவுடன் பிடித்த தண்ணீரை அளக்காதீர்கள். குழாயில் தேங்கியது வரும். 15 நிமிடம் ஓடவிட்டு, பிறகு பிடியுங்கள். பல மீட்டர்கள் 9,990க்கு மேல் காட்டாது. அப்படி மாட்டினால் ஒரு டம்ளர் போர் தண்ணீருடன் ஒன்பது டம்ளர் ஆர்.ஓ. தண்ணீர் கலந்து அளந்து, வந்த எண்ணைப் பத்தால் பெருக்குங்கள். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் முடிவெடுக்க உதவும். மே மாதம் ஒரு முறை, மழை முடிந்து ஒரு முறை அளந்து எழுதி வையுங்கள். ஆர்.ஓ. பிளான்ட் போடுவதாக இருந்தால் மே மாத எண்ணை வைத்துத்தான் போட வேண்டும்.

மீட்டர் சொல்வது மொத்தத்தை மட்டும். அதில் என்ன உப்பு என்று தெரிய ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். கேட்க வேண்டியவை: கடினத்தன்மை, குளோரைடு, சல்பேட், நைட்ரேட், இரும்பு, சிலிக்கா, பி.எச்., கூடவே கோலிஃபார்ம் கிருமிச் சோதனை. இந்த ஒரு தாள் இல்லாமல் கொடுக்கப்படும் எந்த விலைப்புள்ளியும் குத்துமதிப்புதான்.

எங்க தாத்தா காலத்துல இதே கிணத்துத் தண்ணியதான் குடிச்சாங்க. இப்ப மட்டும் எப்படி உப்பாச்சு?

கடலோர மண்ணுக்கு அடியில் நன்னீர், கனமான கடல்நீரின் மேல் மிதக்கிறது. நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்தைவிட 1 மீட்டர் உயர்ந்திருந்தால் அதற்குக் கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழத்துக்கு நன்னீர் நிற்கும். உறிஞ்சி உறிஞ்சி நீர்மட்டத்தை ஒரு மீட்டர் இறக்கினால், அடியிலிருக்கும் உப்புநீர் நாளடைவில் அத்தனை தூரம் ஏறி வரும். ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகையில் நகரத்துக்கும் ஆலைகளுக்கும் வயலுக்குமாகப் பல ஆண்டுகள் நீர் எடுத்ததில், மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் உள்ளே வருவது 1960களின் இறுதியிலேயே தெரிந்துவிட்டது. சென்னைப் பெருநகர நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் 1987இல் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லா உப்பும் கடலிலிருந்து வருவதில்லை. நைட்ரேட் 45க்கு மேல் இருந்து கிருமியும் இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பக்கத்துச் சாக்கடையை. கசிவை அடைக்காமல் ஆர்.ஓ. போடுவது காசுக்குக் கேடு.

அப்ப இன்னும் ஆழமா போர் போட்டா நல்ல தண்ணி வருமா?

கடற்கரையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் வராது. மேலே சொன்ன காரணம்தான். ஆழம் போகப் போக உப்புக்கு நெருங்குகிறீர்கள். மணல்பாங்கான இடங்களில் ஆழமில்லாத கிணற்றில், சிறிய மோட்டாரை விட்டு விட்டு ஓட்டி எடுத்தால் உப்பு குறைவாக வரும். பெரிய மோட்டாரைத் தொடர்ந்து ஓட்டினால் கிணற்றுக்கு நேர் கீழே உப்புநீர் கூம்புபோல எழும்பும். காலையில் 1,500 காட்டிய போர், இரண்டு மணி நேரம் ஓடியபின் 2,500 காட்டுவது இதனால்தான். மழைநீரைக் கிணற்றுக்குள் இறக்குவது பலன் தரும், ஆனால் தெரு முழுக்கச் செய்தால்தான். ஒரு வீட்டுக் கூரைத் தண்ணீர் ஒரு வீட்டுக்குள்ளேயே நின்றுகொள்ளாது.

கொதிக்க வச்சா உப்பு போயிடுமா? சாஃப்ட்னர் போட்டா?

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் சுண்ணாம்பு படியும். மற்ற உப்பெல்லாம் அப்படியே இருக்கும். தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் மீதியில் உப்பு கூடத்தான் செய்யும். கேண்டில் ஃபில்டர், யூவி விளக்கு, படிகாரம் எதுவும் கரைந்த உப்பைத் தொடாது. சாஃப்ட்னர் கால்சியம், மக்னீசியத்தை எடுத்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தைக் கொடுக்கிறது. சோப்பு நுரைக்கும், ஹீட்டர் பிழைக்கும். டிடிஎஸ் குறையாது, கரிப்பும் போகாது.

ஆர்.ஓ. உள்ள என்னதான் நடக்குது? உப்பு எங்க போகுது?

உப்பு எங்கும் போவதில்லை. இடம் மாறுகிறது, அவ்வளவுதான். அழுத்தம் கொடுத்துத் தண்ணீரை மெம்பிரேன் என்ற ஒரு மெல்லிய சவ்வின் வழியே தள்ளுகிறோம். தண்ணீர் நுழையும், உப்பு பெரும்பாலும் நுழையாது. உள்ளே போனது ஒரே தண்ணீர். வெளியே வருவது இரண்டு: உப்பு குறைந்த ஒன்று, உப்பு கூடிய ஒன்று (இதுதான் ரிஜெக்ட்). 3,000 டிடிஎஸ் தண்ணீரில் பாதியை எடுத்தால் நல்ல தண்ணீர் ஏறக்குறைய 120இலும் ரிஜெக்ட் 5,880இலும் வரும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள், மறுபடி 3,000.

உப்புத் தண்ணீர் தானாகவே நல்ல தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும். அந்த இழுப்பை மீறி எதிர்த்திசையில் தள்ள வேண்டும். ஒவ்வொரு 1,000 டிடிஎஸ்ஸுக்கும் சுமார் 0.75 பார் (அழுத்தத்தின் அலகு) என்று வைத்துக்கொள்ளலாம். கடல்நீரில் இது 27 பார் வரை வரும். அதனால் கடல்நீர் ஆலைகள் 55 முதல் 70 பாரில் ஓடுகின்றன. போர் தண்ணீர்ப் பிளான்ட்டுக்கு 10 முதல் 15 பார் போதும்.

வீட்டு கிச்சன் ஆர்.ஓ. மெஷினுக்கு 3,500 டிடிஎஸ் தண்ணி விடலாமா? கடைக்காரர் ஓடும்ங்கிறார்.

ஓடும். எப்படி ஓடும் என்பதுதான் கேள்வி. கிச்சன் மெஷினின் பம்ப் சுமார் 80 பி.எஸ்.ஐ., அதாவது 5.5 பார் தரும். 3,500 டிடிஎஸ்ஸின் எதிர் இழுப்பே 2.6 பார், மெம்பிரேனின் கடைசிப் பகுதியில் உப்பு கூடி 3.5 பார் ஆகும். மிச்சம் இருப்பது ஏறக்குறைய 2 பார். பெட்டியில் நாளுக்கு 75 காலன் என்று போட்டிருப்பது 250 டிடிஎஸ் தண்ணீரில் சோதித்த கணக்கு. உங்கள் வீட்டில் அதில் பாதிதான் வரும், வருவதும் 250, 300 டிடிஎஸ்ஸில் வரும். மெம்பிரேன் ஆறு மாதத்தில் சுண்ணாம்பு பிடிக்கும்.

கிச்சன் மெஷினுக்கு 2,000 என்பதை மேல்வரம்பாக வையுங்கள். அதற்கு மேல் என்றால் மெட்ரோ தண்ணீரை (குடிநீர் வாரியம் தருவது) தனி டிரம்மில் பிடித்து அதை மட்டும் மெஷினுக்கு விடுங்கள், அல்லது அடுக்ககத்துக்கு ஒரே பிளான்ட்டாகப் போடுங்கள்.

12 வீட்டுக்கு எவ்வளவு பெரிய பிளான்ட் போடணும்?

முதலில் எதற்கு என்று முடிவு செய்யுங்கள். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் என்றால் வீட்டுக்கு 30 லிட்டர், மொத்தம் 360 லிட்டர். மணிக்கு 250 லிட்டர் தரும் மிகச் சிறிய பிளான்ட் இரண்டு மணி நேரத்துக்குள் தந்துவிடும். குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் வேண்டும் என்றால் ஆளுக்கு 135 லிட்டர். ஆனால் அதில் 45 லிட்டர் கழிவறைக்குப் போவது. அதற்கு நல்ல தண்ணீர் எதற்கு? மீதி 90 லிட்டர், 48 பேருக்கு 4,320 லிட்டர்.

குளிக்கத் துவைக்க 1,000 டிடிஎஸ் தாராளமாகப் போதும். 100 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீருக்கு 44 லிட்டர் போர் தண்ணீர் கலந்தால் அது வரும். ஆக 3,000 லிட்டர் ஆர்.ஓ., 1,320 லிட்டர் போர். மணிக்கு 500 லிட்டர் பிளான்ட் 6 மணி நேரம் ஓடினால் முடிந்தது. குடிப்பதற்கான ஆர்.ஓ. தண்ணீரைக் கலக்கும் முன்பே தனிக் குழாயில் பிரித்துவிட வேண்டும்.

இன்னொரு பக்கம் பாருங்கள். பாதிக்குப் பாதி எடுத்தால் 3,000 லிட்டர் ரிஜெக்ட் வரும். கழிவறைத் தேவை 2,160 லிட்டர். ரிஜெக்டைக் கழிவறை டேங்குக்கு ஏற்றினால் வீணாவது 840 லிட்டர் மட்டுமே. போரிலிருந்து எடுப்பது, ஆர்.ஓ. இல்லாதபோது ஆகும் 6,480க்குப் பதில் 7,320. ரிஜெக்ட் முழுவதையும் சாக்கடையில் விட்டு, கழிவறைக்கும் தனியாக இறைத்தால் அது 9,480 ஆகும். ஆர்.ஓ. தண்ணீரைப் பாழாக்குகிறது என்ற குற்றச்சாட்டில் பெரும்பகுதி உண்மையில் ஒரு குழாயைச் சரியாக இழுக்காததுதான். கட்டடம் கட்டும்போதே கழிவறைக்குத் தனி டேங்க், தனி லைன் வையுங்கள். பின்னால் சுவரை உடைத்துச் செய்ய யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

பிளான்ட்ல இத்தனை டப்பா இருக்கே, ஒவ்வொண்ணும் எதுக்கு?

வரிசை இது: போர் தண்ணீர் டேங்க், ஃபீட் பம்ப், மணல் ஃபில்டர், கார்பன் ஃபில்டர், ஆன்டிஸ்கேலன்ட் டோசிங், நுண்தூசியைப் பிடிக்கும் 5 மைக்ரான் கேட்ரிட்ஜ், ஹை பிரஷர் பம்ப், மெம்பிரேன். மெம்பிரேனுக்கு முன்னும் பின்னும் பிரஷர் கேஜ், நல்ல தண்ணீருக்கும் ரிஜெக்டுக்கும் மணிக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது என்று காட்டும் ஒவ்வொரு ரோட்டாமீட்டர். ரோட்டாமீட்டர் ஒன்றைக் குறைத்து விலை குறைப்பவர்கள் உண்டு. அது இல்லாவிட்டால் பின்னால் எந்தக் கோளாறையும் கண்டுபிடிக்க முடியாது.

போரிலிருந்து நேரே மணல் ஃபில்டருக்குக் கொடுக்காதீர்கள். நம் பக்கத்துத் தண்ணீரில் இரும்பு அதிகம். பிடிக்கும்போது தெளிவாக இருக்கும், அரை மணியில் மஞ்சளாகும். காற்றுப் படும்படி மேலிருந்து டேங்கில் கொட்டி, சில மணி நேரம் தேங்கவிட்டால் இரும்பு துருவாக அடியில் இறங்கும், மிச்சத்தை மணல் பிடிக்கும். இதைச் செய்யாவிட்டால் அந்தத் துரு மெம்பிரேனுக்குள் போய் உட்காரும். மணல் ஃபில்டரைத் தினமும் 10 நிமிடம் பேக்வாஷ் செய்ய வேண்டும், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு அலச வேண்டும்.

கார்பன் ஃபில்டர் குளோரினை எடுக்க. மெம்பிரேனுக்குக் குளோரின் விஷம், லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. வெறும் போர் தண்ணீர் என்றால் கார்பனுக்கு வேலை குறைவு. மெட்ரோ தண்ணீரோ லாரித் தண்ணீரோ அதே சம்ப்பில் கலந்தால் கார்பன் இல்லாமல் ஓட்டவே கூடாது.

ஆன்டிஸ்கேலன்ட் சுண்ணாம்பு படியவிடாமல் பிடித்து வைக்கும் மருந்து. பொதுவாக லிட்டருக்கு 3 முதல் 5 மில்லிகிராம். மணிக்கு 1,000 லிட்டர் உள்ளே போகும் பிளான்ட்டுக்கு 4 மில்லிகிராம் என்றால் மணிக்கு 4 கிராம், நாளுக்கு 6 மணி நேரத்தில் 24 கிராம். 25 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் 250 கிராம் கலந்து, டோசிங் பம்பை மணிக்கு 0.4 லிட்டருக்கு வைத்தால் பத்து நாள் வரும். அதற்கு மேல் கலந்து வைத்தால் பாசி வளரும். பத்து நாள் கழித்தும் டிரம் குறையவில்லை என்றால் பம்பில் காற்று அடைத்திருக்கிறது, மருந்தே போகவில்லை. மெம்பிரேன் சீக்கிரம் போவதற்கு இந்தப் பக்கத்தில் முதல் காரணம் இதுதான்.

ரிஜெக்ட் வால்வைக் கொஞ்சம் மூடினா நல்ல தண்ணி அதிகமா வருதே. அப்படியே வச்சா என்ன?

பாதியை எடுத்தால் ரிஜெக்டில் உப்பு இரண்டு மடங்கு. 75 சதவீதம் எடுத்தால் நான்கு மடங்கு, 80 என்றால் ஐந்து. சுண்ணாம்பும் ஜிப்சமும் (கால்சியம் சல்பேட்) கரைந்திருக்க ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டியதும் மெம்பிரேன் மேலேயே கல்லாகப் படியும். சுண்ணாம்பையாவது ஆசிட் விட்டுக் கரைக்கலாம். ஜிப்சம் படிந்தால் சிட்ரிக் ஆசிட் ஒன்றும் செய்யாது, மெம்பிரேன் போனது போனதுதான். சல்பேட் எவ்வளவு என்று முதல் கேள்வியில் கேட்கச் சொன்னது இதற்காக.

இன்னொன்றும் இருக்கிறது. 4 அங்குல மெம்பிரேனிலிருந்து (4040) வெளியேறும் நீர் மணிக்கு சுமார் 700 லிட்டருக்குக் குறையக் கூடாது. வேகம் குறைந்தால் அழுக்கும் உப்பும் மேலேயே தங்கும். இரண்டு மெம்பிரேன் போட்ட 500 லிட்டர் பிளான்ட்டில் ரிஜெக்ட் 500தான் விட வேண்டும், உள்ளே 700 ஓட வேண்டும் என்றால், வித்தியாசமான 200 லிட்டரை ஹை பிரஷர் பம்புக்கு முன்னால் திருப்பி விட வேண்டும். இதற்கென்றே ஒரு ரீசைக்கிள் லைன், ஒரு வால்வு. சின்னப் பிளான்ட் பலவற்றில் இந்த லைனே இருப்பதில்லை. ரிஜெக்டை நெரித்தே பாதிக்குப் பாதி காட்டுகிறார்கள். வாங்கும்போது எட்டிப் பாருங்கள்.

தண்ணி வரத்து குறைஞ்சுபோச்சு, டிடிஎஸ்ஸும் ஏறுது. மெம்பிரேன் மாத்தணும்ங்கிறாங்க. உண்மையா?

மாற்றும் முன் நான்கு எண்களைப் பாருங்கள்: நல்ல தண்ணீர் அளவு, அதன் டிடிஎஸ், மெம்பிரேனுக்கு முன் அழுத்தம், பின் அழுத்தம். பிளான்ட் ஓடத் தொடங்கிய முதல் வாரத்தில் எழுதிவைத்த எண்களோடு ஒப்பிட்டால் நோய் தெரியும். வரத்து குறைந்து டிடிஎஸ்ஸும் ஏறினால் சுண்ணாம்பு. முன்னும் பின்னும் அழுத்த வித்தியாசம் கூடிக்கொண்டே போனால் முன்பகுதியில் துரு அல்லது சளிப் படலம். வரத்தும் கூடி டிடிஎஸ்ஸும் கூடினால் குளோரின் சவ்வை அரித்துவிட்டது. அதைத் திரும்பப் பெற முடியாது. வரத்து மாறாமல் டிடிஎஸ் மட்டும் ஒரே நாளில் எகிறினால் ஓ-ரிங் புரண்டிருக்கிறது. சின்ன ரப்பர் வளையத்துக்காக மெம்பிரேனையே மாற்றியவர்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் முன்னால், போர் தண்ணீரின் டிடிஎஸ்ஸே ஏறியிருக்கிறதா என்று அளந்துவிடுங்கள்.

மே மாதம் மொட்டைமாடி டேங்க் தண்ணீர் சூடாகும். ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 3 சதவீதம் வரத்து கூடும், உப்பும் கொஞ்சம் கூடக் கசியும். மார்கழியில் வரத்து குறைவது கோளாறு ஆகாது.

வரத்து 10 முதல் 15 சதவீதம் குறைந்தவுடனே கழுவினால் மீளும். பாதியாகும்வரை விட்டால் மீளாது. 50 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் 1 கிலோ சிட்ரிக் ஆசிட் கரைத்து, குறைந்த அழுத்தத்தில் முக்கால் மணி சுற்றவிட்டு, ஒரு மணி ஊறவிட்டு, மறுபடி சுற்றி, நல்ல தண்ணீரில் அலச வேண்டும். சளிப் படலமும் இருந்தால் முதலில் 50 லிட்டருக்கு 50 கிராம் காஸ்டிக் சோடா போட்டுக் கழுவி, நன்றாக அலசிய பிறகு ஆசிட். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பிளீச்சிங் பவுடரை ஆசிட் பக்கத்தில் கொண்டுவரவே கூடாது; நச்சு வாயு கிளம்பும். கழுவிய பின் முதல் ஒரு மணி நேரத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

ரிஜெக்ட் தண்ணிய செடிக்கு ஊத்தலாமா? மழைநீர்க் குழிக்குள்ள விட்டா பூமிக்குத்தானே போகுது?

5,880 டிடிஎஸ் தண்ணீரில் செடி கருகும், மண்ணும் கெடும். மழைநீர்க் குழியிலோ பழைய கிணற்றிலோ விட்டால் உங்கள் போருக்கே திரும்பி வரும். நல்ல தண்ணீரை மேலே எடுத்துக்கொண்டு உப்பை மட்டும் கீழே திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறீர்கள். கட்டட வேலைக்கும் ஆகாது: கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு 500க்கு மேல் கூடாது என்கிறது ஐ.எஸ். 456. கழிவறை, வாசல் கழுவுவது, மிச்சம் பாதாளச் சாக்கடை. ஃப்ளஷ் டேங்கில் பிளாஸ்டிக் ஃபிட்டிங் போடுங்கள். பித்தளையும் இரும்பும் அரித்துவிடும்.

தண்ணியில பெட்ரோல் வாடை வருது. ஆர்.ஓ. அதையும் எடுத்துடுமா?

எடுக்காது. தண்டையார்பேட்டையில் 2013இல் நிலத்தடியில் எண்ணெய் கசிந்து கிணற்று நீரில் கலந்தது பலருக்கும் நினைவிருக்கும். எண்ணெய் மெம்பிரேனை உடனே அடைக்கும். கரைந்த பெட்ரோலியப் பொருட்களில் சில கடந்தும் வரும். வாடை வந்தால் அந்தத் தண்ணீரைக் குளிக்கக்கூடப் பயன்படுத்தாமல் நிறுத்துங்கள், பக்கத்தில் நெருப்புப் பற்ற வைக்காதீர்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள்.

பக்கத்துலயே கடல் இருக்கு. காட்டுப்பள்ளியில செய்யுற மாதிரி நாமளும் கடல் தண்ணிய எடுத்துச் செய்யக் கூடாதா?

மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளி ஆலை 2010இல் தொடங்கியது, நாளுக்கு 10 கோடி லிட்டர். தெற்கே நெம்மேலியில் அதே அளவில் 2013இல் ஒன்று, 15 கோடி லிட்டருக்கு 2024இல் இன்னொன்று. இத்தகைய ஆலையில் 100 லிட்டர் கடல்நீருக்கு 40, 45 லிட்டர்தான் நல்ல தண்ணீர். மீதி, ஏறக்குறைய இரு மடங்கு உப்போடு குழாய் வழியே கடலுக்குள் போய்ப் பரவலாகக் கலக்கும்படி விடப்படுகிறது. வெளியேறும் ரிஜெக்டில் இன்னும் 50 பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும். அதைப் பிடித்து உள்ளே வரும் நீருக்கு மாற்றும் கருவி இருப்பதால்தான் 1,000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரத்தில் முடிகிறது.

சிறிய அளவில் இது கட்டுப்படியாகாது. 60 பார் பம்ப், சாதாரணத் துருப்பிடிக்காத எஃகையே அரிக்கும் நீர், ஜெல்லியும் பாசியும் அடைக்கும் உறிஞ்சுகுழாய், கடலோர ஒழுங்குமுறை அனுமதி, எண்ணெய் கசிந்தால் உடனே நிறுத்த வேண்டிய நிலை. 2017இல் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதியபோதும், 2023 டிசம்பர் வெள்ளத்திலும் இந்தக் கரையில் எண்ணெய் வந்தது. 3,000 டிடிஎஸ் போர் கையிலிருக்கும்போது 35,000ஐத் தேடிப் போவதில் பொருளில்லை.

வெயில்தான் இவ்வளவு அடிக்குதே, சோலார்ல காய வச்சு எடுக்க முடியாதா?

முடியும். அடியில் கறுப்புத் தட்டு, மேலே சாய்ந்த கண்ணாடி. ஆவி கண்ணாடியில் குளிர்ந்து ஓரக் குழாயில் வடியும். ஆனால் ஒரு சதுர மீட்டருக்கு நல்ல வெயில் நாளில் 3 லிட்டர்தான். ஒரு வீட்டின் 30 லிட்டருக்குப் பத்து சதுர மீட்டர் மாடி வேண்டும். பேட்டரிக்கு ஊற்ற, அவசரத்துக்குக் குடிக்க உதவும்.

அழுத்தத்தைக் குறைத்தால் தண்ணீர் 30 டிகிரிக்குக் கீழேயே கொதிக்கும். தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் லட்சத்தீவின் கவரத்தித் தீவில் 2005இல் இப்படித்தான் நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் ஆலை அமைத்தது. நம் வடசென்னை அனல்மின் நிலையத்திலும், கண்டென்சரிலிருந்து வெளியேறும் சூட்டு நீரை வைத்து ஒன்றரை லட்சம் லிட்டருக்கு அதையே செய்து காட்டியது. வீணாகும் வெப்பம் கிடைக்கும் இடத்துக்கு அருமையான முறை, மொட்டைமாடிக்கு ஒத்துவராது.

ஆர்.ஓ. தண்ணி குடிச்சா சத்தெல்லாம் போயிடும், எலும்பு தேயும்ங்கிறாங்களே?

கால்சியமும் மக்னீசியமும் நமக்கு முக்கியமாக உணவிலிருந்து வருகின்றன. தண்ணீரிலிருந்து கிடைப்பது ஒரு பகுதி. 20, 30 டிடிஎஸ்ஸில் வரும் தண்ணீர் சப்பென்று இருக்கும், உலோகக் குழாயை அரிக்கும். போர் தண்ணீரிலிருந்து வருவது பெரும்பாலும் 100க்கு மேலேயே நிற்பதால் கவலை குறைவு. சுவைக்காகக் கூட்ட வேண்டுமென்றால் கால்சைட் (சுண்ணாம்புக் கல்) கேட்ரிட்ஜ் போடுங்கள். 100 லிட்டருக்கு 15 லிட்டர் போர் தண்ணீர் கலந்தால் 500 வரும் என்பது கணக்குப்படி சரிதான். ஆனால் நைட்ரேட், கிருமி இல்லை என்று ஆய்வகத் தாள் சொன்னால் மட்டுமே குடிக்கும் தண்ணீரில் கலக்கலாம். மெஷினில் டிடிஎஸ் அட்ஜஸ்டர் திருகைத் திருப்புவதும் இதே கலப்புதான்.

டிடிஎஸ் குறைவு என்றால் கிருமி இல்லை என்று பொருளில்லை. மூடாத டேங்கில் ஆர்.ஓ. தண்ணீரும் கெடும். 1,000 லிட்டருக்கு 3 கிராம் புதிய பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்ததை மட்டும் நல்ல தண்ணீர் டேங்கில் ஊற்றினால் லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின். கடைசிக் குழாயில் 0.2 மிஞ்ச வேண்டும். இதை மெம்பிரேனுக்குப் பின்னால்தான் செய்ய வேண்டும்.

எங்களுக்கு மெட்ரோ தண்ணி வருது. அதுக்கும் ஆர்.ஓ. வேணுமா?

அளந்து பாருங்கள். 500க்குக் கீழே இருந்தால் வேண்டாம். கொதிக்க வைத்தாலோ யூவி போட்டாலோ போதும். போரையும் மெட்ரோவையும் ஒரே சம்ப்பில் விட்டு, பிறகு கலந்ததை ஆர்.ஓ. செய்வதுதான் மோசமான ஏற்பாடு. நல்ல தண்ணீரைக் கெடுத்து, காசு செலவழித்துத் திரும்ப நல்லதாக்குகிறீர்கள். சம்ப்பின் நடுவில் ஒரு சுவர் வையுங்கள்.

ஒரு மாசம் ஊருக்குப் போறோம். பிளான்ட்ட அப்படியே நிறுத்திட்டுப் போகலாமா?

இரண்டு நாளுக்கு மேல் நின்றால் மெம்பிரேனுக்குள் பாக்டீரியா வளரும். ஒரு வாரம் வரை என்றால் யாராவது தினமும் 20 நிமிடம் ஓட்டினால் போதும். அதற்கு மேல் என்றால் நல்ல தண்ணீரால் அலசி, 100 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீருக்கு 1 கிலோ சோடியம் மெட்டாபைசல்ஃபைட் கரைத்து நிரப்பி எல்லா வால்வையும் மூடுங்கள். காயவே விடக் கூடாது. காய்ந்த மெம்பிரேன் பழைய வரத்துக்கு வராது. கிச்சன் மெஷினாக இருந்தால், திரும்பி வந்ததும் டேங்கை இரண்டு முறை நிரப்பிக் கொட்டிவிட்டுக் குடியுங்கள்.

ஒரு லிட்டருக்கு என்ன செலவு ஆகும்?

மின்சாரத்தைக் கணக்கிடுவது எளிது. 500 லிட்டர் பிளான்ட்டில் இரண்டு பம்பும் சேர்ந்து சுமார் 2 கிலோவாட் எடுத்தால், 1,000 லிட்டருக்கு 4 யூனிட். வேடிக்கை என்னவென்றால், பத்து மடங்குக்கு மேல் உப்பான கடல்நீரைச் சுத்தம் செய்யும் பெரிய ஆலைக்கும் இதே அளவுதான் ஆகிறது. சின்னப் பம்பின் திறன் அவ்வளவு குறைவு, ரிஜெக்டின் அழுத்தமும் வீணாகிறது. இதோடு மருந்து, மாதம் ஒரு முறை மாற்றும் கேட்ரிட்ஜ், இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மெம்பிரேன், ஆள் சம்பளம். மெம்பிரேன் விலையை அது தந்த மொத்த லிட்டரால் வகுத்துப் பாருங்கள். நன்றாகப் பராமரித்த பிளான்ட்டில் அது மின்கட்டணத்தைவிடச் சிறிதாகவே இருக்கும். மருந்து நின்று ஆறு மாதத்தில் மெம்பிரேன் போனால்தான் கணக்கு தலைகீழாகும்.

ஒரு கம்பெனிக்காரர் 90 சதவீதம் நல்ல தண்ணி, கெமிக்கலே வேண்டாம், காந்தம் வச்சிருக்கோம்ங்கிறார். நம்பலாமா?

90 சதவீதம் எடுத்தால் உப்பு பத்து மடங்கு. 3,000 என்பது ரிஜெக்டில் 29,000ஐ நெருங்கும். அது கிட்டத்தட்டக் கடல்நீர். அதன் எதிர் இழுப்பு மட்டுமே 22 பார், அவருடைய பம்ப் தருவதோ 15 பார். சுண்ணாம்பைப் பற்றிப் பேசும் முன்பே, இயற்பியல் அனுமதிக்காது. காந்தத்துக்கு முன்னும் பின்னும் டிடிஎஸ் அளந்து காட்டச் சொல்லுங்கள், ஒரே எண்தான் வரும். அது சுண்ணாம்பைத் தடுக்கும் என்பதையும் நம்பி மெம்பிரேனைப் பணயம் வைக்க முடியாது.

விலைப்புள்ளியில் இவை எழுத்தில் இருக்கட்டும்: உங்கள் ஆய்வகத் தாளிலுள்ள தண்ணீருக்கு மணிக்கு எத்தனை லிட்டர், என்ன டிடிஎஸ், எத்தனை லிட்டர் ரிஜெக்ட், மெம்பிரேனின் பெயரும் எண்ணிக்கையும், ரீசைக்கிள் லைனும் இரண்டு ரோட்டாமீட்டரும் உண்டா, மருந்தின் அளவு என்ன, கழுவுவது யார். ஓட்டிக் காட்டும் நாளில் ஒரு வாளியையும் கடிகாரத்தையும் வைத்து இரண்டு குழாயையும் நீங்களே பிடித்து அளந்து, அதன் பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.